‘விண்டோஸ் + ஆர் அழுத்துங்க’ன்னு ஒரு வெப்சைட் சொல்லுதா? என்டர் தட்டும் முன் இதைப் படிங்க

‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறீர்கள். வழக்கமா டிராஃபிக் லைட் எங்கே, பஸ் எங்கேன்னு படம் காட்டிக் கேட்கும். இந்த முறை வேறு மாதிரி மூன்று வரி வருகிறது. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். கன்ட்ரோலும் வி-யும் அழுத்துங்கள். கடைசியாக என்டர். ‘சரிபார்ப்பு முடிந்தது’ என்று பச்சை டிக் விழும்.

அந்த மூன்றாவது படியில், உங்கள் கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஒருவர் எழுதிய கமாண்டை நீங்களே ஓட்டிவிட்டீர்கள். பாஸ்வேர்டு கேட்கவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கிளிக் செய்ததும் நீங்கள், பேஸ்ட் செய்ததும் நீங்கள்.

சைபர் பாதுகாப்புத் துறையில் இதற்கு ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்று பெயர். 2024-ல் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. 2025-ன் முதல் ஆறு மாதத்தில், அதற்கு முந்தைய ஆறு மாதத்தோடு ஒப்பிட்டால் 500 சதவீதத்துக்கு மேல் அதிகரித்திருப்பதாக ‘ஈசெட்’ நிறுவனம் சொன்னது.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி. அங்கே மெயின் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, ரயில் டிக்கெட், கரன்ட் பில் எல்லாம். அந்த ப்ரௌசரில் எத்தனை பாஸ்வேர்டு சேமித்து வைத்திருப்பார்கள்? டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எத்தனை பேரின் ஆதார் நகல் கிடக்கும்? பெங்களூரு ஐடி கம்பெனி லேப்டாப்பில் இப்படி நடந்தால் பார்த்துக்கொள்ள ஒரு செக்யூரிட்டி டீம் இருக்கும். இந்தக் கடைக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் ‘கமாண்ட் எல்லாம் சாஃப்ட்வேர்காரங்க சமாச்சாரம்’ என்று இனி ஒதுங்க முடியாது. கமாண்ட் உங்களைத் தேடி வந்துவிட்டது. புதிதாக வருபவர்களுக்கு அதைப் படிக்கவும், ஓட்டும் முன் சோதித்துப் பார்க்கவும் சில எளிய, இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒன்றில் தமிழும் உண்டு.

கட்டத்துக்குள் என்ன நடக்கிறது?

முதலில் அந்தத் தந்திரத்தைப் பார்த்துவிடலாம். போலி டிக் கட்டத்தை நீங்கள் கிளிக் செய்த நொடியிலேயே, அந்த வெப்சைட் ஒரு நீளமான கமாண்டை உங்கள் கிளிப்போர்டில் சத்தமில்லாமல் காப்பி செய்துவிடும். நீங்கள் எதையும் காப்பி செய்ததாக உங்களுக்கே தெரியாது.

விண்டோஸ் + ஆர் அழுத்தினால் திறக்கும் ‘ரன்’ கட்டம் ரொம்பச் சின்னது. நீளமான ஒன்றை அதில் பேஸ்ட் செய்தால் அதன் வால் பகுதி மட்டும்தான் கண்ணில் படும். ஆகவே மோசடிக்காரர்கள் கமாண்டின் கடைசியில், ‘நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இவ்வளவு’ என்று ஒரு வெட்டி வாசகத்தை ஒட்டிவைக்கிறார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த வாசகத்துக்கு அர்த்தமே இல்லை. அது உங்களுக்காக மட்டும் எழுதப்பட்டது. நிஜமான வேலை இடது பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: பவர்ஷெல்லைத் திற, ஜன்னலைக் காட்டாதே, இந்த முகவரியிலிருந்து ஃபைலை எடு, ஓட்டு.

வந்து உட்காருவது பெரும்பாலும் ‘லும்மா’ போன்ற தகவல் திருடும் மென்பொருள். ப்ரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். இதில் குக்கீதான் பெரிய ஆபத்து. நீங்கள் ஏற்கெனவே ஓடிபி போட்டு உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு அது. அதைத் திருடியவர், ஓடிபி கேட்கப்படாமலேயே உங்கள் மெயிலுக்குள் நுழைய வாய்ப்பு இருக்கிறது.

‘அட்மின் பாஸ்வேர்டு கேட்டிருக்கணுமே?’ என்று கேட்கலாம். கேட்காது. உங்கள் ப்ரௌசர் தகவல்களைப் படிக்க அட்மின் அனுமதி தேவையில்லை. உங்கள் அக்கவுன்ட்டில் ஓடும் எந்த புரோகிராமும் படிக்கலாம். நாம் பழகிய ‘ஆம் / இல்லை’ கட்டமே இங்கே வராது.

மேக் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. ‘டெர்மினலைத் திறந்து இதை ஒட்டுங்கள்’ என்று அதே நாடகம் அங்கேயும் நடக்கிறது.

ஒரு ஸ்பேஸ் போதும்

இதுவரை பார்த்தது அடுத்தவர் செய்யும் வில்லங்கம். கமாண்டில் நாமே செய்துகொள்வதும் உண்டு. படம் பார்த்து கிளிக் செய்யும்போது கம்ப்யூட்டர் நம்மை ஒருமுறை நிறுத்திக் கேட்கும். அழித்தால் ரீசைக்கிள் பின்னில் போடும். கமாண்ட் லைனில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. சொன்னால் செய்யும். நீங்கள் சொன்னது தப்பா என்று யோசிக்காது.

லினக்ஸில் ஃபைலை அழிக்க இரண்டே எழுத்து: ஆர், எம். இதற்கு ரீசைக்கிள் பின் இல்லை. 2011-ல் லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்காக வந்த ‘பம்பிள்பீ’ என்ற இலவச மென்பொருளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அழிக்க வேண்டிய ஃபோல்டர் பாதையின் நடுவே தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட துணை ஃபோல்டரை அழிக்கச் சொன்ன கமாண்ட், அந்த ஸ்பேஸால் இரண்டாக உடைந்தது. முதல் பாதி, கம்ப்யூட்டரின் பெரும்பாலான புரோகிராம்கள் இருக்கும் ‘யூஎஸ்ஆர்’ ஃபோல்டரையே குறித்தது. இன்ஸ்டால் செய்தவர்களின் சிஸ்டம் காலி. எழுதியவர் சின்னப் பையன் இல்லை, தெரிந்தவர்தான்.

பிக்சார் கதை இன்னும் சுவாரஸ்யம். 1998-ல் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, சர்வரில் யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கமாண்டை ஓட்டிவிட்டார்கள். கதாபாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறையத் தொடங்கின. படத்தின் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. பேக்கப் எடுத்து வைத்திருந்தார்கள், ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் காப்பாற்றியது, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல். (வொர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு மேனேஜரிடம் பேசும்போது இந்த உதாரணம் உதவலாம்.)

2017 ஜனவரி 31 அன்று ‘கிட்லேப்’ நிறுவனத்தில் நடந்தது, கமாண்ட் தெரியாததால் வந்த வினை இல்லை. பொறியாளருக்கு என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரியும். தேவையில்லாத டேட்டா ஃபோல்டரை அழிக்க நினைத்தார். இரண்டு சர்வர்களின் ஜன்னல்களும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததில், நிஜமாக ஓடிக்கொண்டிருந்த சர்வரில் தட்டிவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். சரிசெய்யும் வேலையை யூடியூபில் லைவாகக் காட்டினார்கள், அந்த நேர்மைக்குப் பாராட்டும் கிடைத்தது.

படிக்கக் கற்றுத்தரும் கருவி

லினக்ஸில் ஒவ்வொரு கமாண்டுக்கும் ‘மேன்’ என்ற கையேடு உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கிலம், கமா கூட விடாமல். அனுபவசாலிகளே பாதியில் மூடிவிடுவார்கள். அந்த எரிச்சலில்தான் 2013 டிசம்பரில் ‘டிஎல்டிஆர்’ பிறந்தது. ‘ரொம்ப நீளம், படிக்கல’ என்று இணையத்தில் ஆங்கிலத்தில் சொல்வார்களே, அதன் சுருக்கம்தான் பெயர்.

வேலை சிம்பிள். டிஎல்டிஆர் என்று டைப் செய்து, பக்கத்தில் கமாண்டின் பெயரைப் போட்டால் ஒரு சின்னப் பக்கம் வரும். இந்த கமாண்ட் எதற்கு என்று ஓரிரு வரி. பிறகு நிஜ வாழ்க்கையில் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று அதிகபட்சம் எட்டு உதாரணங்கள். அவ்வளவுதான். உதாரணத்தில் நீங்கள் மாற்ற வேண்டிய இடம், அதாவது ஃபைல் பெயர் வரும் இடம், தனியாகத் தெரியும். அழிக்கும் கமாண்டின் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்டுக் கேட்டு அழிக்கும் வழியும் அதில் இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு வேண்டியது அதுதான்.

லினக்ஸ் மட்டுமில்லை, விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு கமாண்டுகளுக்கும் பக்கங்கள் உண்டு. விண்டோஸ் 11-ல் ‘விங்கெட்’ மூலம் நிறுவலாம். உபுண்டுவில் ‘ஆப்ட்’ மூலம். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் ப்ரௌசரிலேயே பார்க்கலாம், போனில் பஸ்ஸில் போகும்போதுகூட.

இந்தக் கட்டுரைக்குக் காரணமான விஷயம்: டிஎல்டிஆர் பக்கங்களில் தமிழும் இருக்கிறது. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை. மொழித் தேர்வில் தமிழுக்கான குறியீடான ‘டிஏ’ கொடுத்தால் தமிழ்ப் பக்கம் வரும். அந்த கமாண்டுக்குத் தமிழ் இல்லையென்றால் ஆங்கிலப் பக்கம் வரும். ஒரு குறையும் உண்டு. பல டெர்மினல் ஜன்னல்கள் தமிழைச் சரியாகக் காட்டுவதில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். ஆங்கில எழுத்தை ஒரே அகலக் கட்டங்களில் அடுக்குவதற்காக உருவான ஜன்னல் அது. தமிழ்ப் பக்கத்தை ப்ரௌசரில் திறந்து படிப்பதுதான் கண்ணுக்கு நல்லது.

உங்களிடம் வந்திருப்பது ஒற்றை கமாண்ட் இல்லை, யாரோ கொடுத்த நீள வரி என்றால் ‘எக்ஸ்ப்ளெய்ன்ஷெல்’ என்ற இலவச வெப்சைட் கைகொடுக்கும். வரியை அதில் ஒட்டினால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் என்ன செய்யும் என்று கோடு போட்டுக் காட்டும். லினக்ஸ் வகை கமாண்டுகளுக்கு மட்டும்தான் அது, பவர்ஷெல்லுக்கு உதவாது.

இந்த இரண்டுமே விளக்கம் சொல்லும் கருவிகள். என்டர் தட்டும் விரலை இவை பிடித்து நிறுத்தாது. ‘உண்மையிலேயே அழிக்கவா?’ என்று கேட்க வைப்பது வேறு வேலை.

ஓட்டாமல் ஓட்டிப் பார்ப்பது

விண்டோஸின் பவர்ஷெல்லில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஃபைலை அழிப்பது, நகர்த்துவது போன்ற அதன் சொந்தக் கட்டளைகளின் கடைசியில் ஒரு சின்னக் கோடு போட்டு ‘வாட்இஃப்’ என்று சேர்த்துப் பாருங்கள். எதையும் செய்யாது. ‘செய்திருந்தால் இந்த இந்த ஃபைல் போயிருக்கும்’ என்று பட்டியல் மட்டும் காட்டும். லிஸ்ட் சரியாக இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். வேறு புரோகிராம்களை அழைக்கும் கமாண்டுகளுக்கு இது பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மோசடி கமாண்டுக்குப் பின்னால் இதைச் சேர்த்து ‘சோதித்து’ பார்க்க வேண்டாம்.

லினக்ஸில் இதற்குச் சமமாகப் பல கருவிகளில் ‘ட்ரை ரன்’ என்ற தேர்வு இருக்கிறது. அழிக்கும் கமாண்டில் அது கிடையாது. அங்கே பழைய வழக்கம் ஒன்று உண்டு: முதலில் எல்எஸ் என்ற பட்டியல் கமாண்டை அதே ஃபைல் பெயர்களோடு ஓட்டிப் பார்ப்பது. திரையில் என்ன வருகிறதோ அதுதான் அழியப்போகிறது. வந்தது சரியென்றால் மட்டும் எல்எஸ் இருந்த இடத்தில் ஆர்எம். அதற்கும் பயமாக இருந்தால் ‘ட்ராஷ்-சிஎல்ஐ’ என்ற கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். அழிப்பதை நேராகக் குப்பைத் தொட்டியில் போடும், வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம்.

சூடோ பற்றியும் ஒரு வார்த்தை. அட்மின் அதிகாரத்தோடு ஒரு கமாண்டை ஓட்ட முன்னால் சேர்க்கும் சொல் இது. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவானது. 2024-ல் விண்டோஸ் 11-க்கும் வந்துவிட்டது. லினக்ஸில் முதல்முறை இதைப் பயன்படுத்தும்போது பல கம்ப்யூட்டர்களில் ஒரு சின்ன லெக்சர் வரும்: மற்றவர் அந்தரங்கத்தை மதி, டைப் செய்யும் முன் யோசி என்று. நல்ல லெக்சர்தான், ஆனால் ஒரே ஒரு முறைதான் வரும். இணையத்தில் கிடைத்த வரி சூடோ என்று ஆரம்பித்தால், மீதி வரியில் ஒரு சொல்கூடப் புரியாமல் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

போன்தான் பயிற்சிக் களம்

‘சரி, எங்கே பழகுவது? ஆபீஸ் லேப்டாப்பில் கை வைக்க முடியாது’ என்பவர்களுக்கு, கையிலேயே இருக்கிறது வழி. ஆண்ட்ராய்டு போனில் ‘டெர்மக்ஸ்’ என்ற ஆப். உள்ளே ஒரு குட்டி லினக்ஸ் டெர்மினல். ரூட் செய்யாத போனில், மற்ற ஆப்களின் உள் டேட்டாவை இதனால் தொட முடியாது. அதற்குள்ளேயே ஃபோல்டர் உருவாக்குங்கள், அழியுங்கள், எதையாவது சொதப்புங்கள். மோசமானால் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: ஸ்டோரேஜ் அனுமதி கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உங்கள் போட்டோக்களும் அதன் கைக்கு எட்டும். ‘எஃப்-ட்ராய்டு’ தளத்தில் கிடைக்கும் பதிப்பை எடுப்பது நல்லது. டிஎல்டிஆரையும் அதிலேயே நிறுவலாம்.

விண்டோஸில் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. மூடினால் எல்லாம் மறைந்துவிடும் தற்காலிக விண்டோஸ். கேட்க ஜோராக இருக்கும், ஆனால் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும்தான். வீட்டு லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது ஹோம். அதில் கிடையாது.

வீட்டில் பழைய அரசு இலவச லேப்டாப் தூசி பிடித்துக் கிடக்கிறதா? 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இன்னொரு சிஸ்டத்தையும் பார்த்திருப்பீர்கள். சென்னை சி-டாக் மையத்தில் உருவாகி 2007-ல் வெளியானது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. நம்மில் பலர் அதை ஒருமுறைகூடத் திறக்காமல் விண்டோஸை மட்டும் தேர்வு செய்தோம். கமாண்ட் பழக அதைவிட நல்ல லேப்டாப் கிடைக்காது. முக்கியமான ஃபைல் எதுவும் அதில் இல்லை என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஏஐ-யிடம் கேட்டால் போதாதா?

‘இந்த கமாண்ட் என்ன செய்யும்?’ என்று ஏஐ-யிடம் கேட்பது நல்ல பழக்கம்தான். பவர்ஷெல் வரிகளுக்கு அதுதான் இப்போதைக்கு எளிய வழியும்கூட. ஆனால் கமாண்டை அதுவே ஓட்டட்டும் என்று முழு அனுமதி கொடுப்பது வேறு. 2025 ஜூலையில் ‘ரெப்ளிட்’ தளத்தின் ஏஐ ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு தொழில்முனைவோரின் நிஜ டேட்டாபேஸை அழித்தது. டேட்டா பிறகு மீட்கப்பட்டது. இப்படிப்பட்ட கருவிகள் பலவும் ஒவ்வொரு கமாண்டுக்கும் ‘அனுமதிக்கவா?’ என்று கேட்கும். பத்தாவது முறை கேட்கும்போது எரிச்சலில் ‘எப்போதும் அனுமதி’ என்று தட்டிவிடுவோம் இல்லையா, அந்த இடத்தில்தான் கவனம் தேவை.

ஏற்கெனவே ஒட்டிட்டேன், இப்ப என்ன?

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்தாலும் சரி, கேபிளைப் பிடுங்கினாலும் சரி. அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள். புது பாஸ்வேர்டும் போய்விடும். வேறொரு போனிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கொடுங்கள். குக்கீ திருட்டுக்கு இதுதான் மருந்து, பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள். கம்ப்யூட்டரில் விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுவதுதான் நம்பகமான வழி.

இன்னும் ஒட்டவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால், ரன் கட்டத்துக்குப் பதிலாக நோட்பேடைத் திறந்து அதில் பேஸ்ட் செய்யுங்கள். நோட்பேடு எதையும் ஓட்டாது. முழு வரியும் தெரியும். அதில் பவர்ஷெல், எம்எஸ்ஹெச்டிஏ, ஹிடன் போன்ற சொற்களோ, ஏதாவது வெப்சைட் முகவரியோ, அர்த்தமில்லாத நீள எழுத்துக் குவியலோ இருந்தால் அந்த டேப்பை மூடிவிடுங்கள். உண்மையான கேப்ட்சா எதுவும் கீபோர்டில் விண்டோஸ் பட்டனைத் தொடச் சொல்லாது. வையம்பட்டி கடைக்காரர் போன்றவர்கள் ப்ரௌசரில் பாஸ்வேர்டு சேமிப்பதை நிறுத்திவிட்டு, அன்றாடம் வரும் ஆதார் நகல்களை மாலையில் கடை மூடும் முன் அழித்துவிட்டால், திருட வருபவருக்குக் கிடைப்பது குறைவாக இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில், விலைப் பட்டியலுக்குக் கீழே ‘விண்டோஸ் + ஆர் அழுத்தச் சொன்னால் என்னைக் கூப்பிடவும்’ என்று ஒரு பேப்பர் ஒட்டிவைக்க ஒரு ரூபாய் ஜெராக்ஸ் போதும்.

தமிழ்ப் பக்கங்கள் பற்றி இன்னொரு தகவல். டிஎல்டிஆரின் எல்லாப் பக்கங்களும் ‘கிட்ஹப்’ தளத்தில் திறந்து கிடக்கின்றன. தமிழில் இல்லாதது இன்னும் ஏராளம். ஒரு இலவச அக்கவுன்ட் இருந்தால் யாரும் மொழிபெயர்த்து அனுப்பலாம், சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். கமாண்டை மாற்றக் கூடாது, விளக்க வரியை மட்டும்தான் தமிழில் எழுத வேண்டும். எட்டு உதாரணம், எட்டு வரி. மணப்பாறையில் பஸ் ஏறி திருச்சி வருவதற்குள் ஒரு பக்கத்தை முடித்துவிடலாம்.